மரியாதைக்குச் சொன்னது

இண்டூர்ப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் போய்ப் புழு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கிறது என்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. தட்டு நிறையப் புழு விரல் தடிமனுக்குப் புரண்டுகொண்டிருக்கும். தழையைப் போட்டால் அரை மணியில் குச்சி மட்டும் மிஞ்சும். அப்போதும் "என்னமோ கெடக்குதுங்க, கையக் கடிக்காம இருந்தாப் போதும்" என்பார்கள். கேட்டவரும் அதை நம்பிவிட மாட்டார். "அட உனுக்கென்னப்பா, புழு பொன்னாட்டம் இருக்குது" என்று அவர் சொல்ல வேண்டும். உடையவர் தாழ்த்த வேண்டும், வந்தவர் உயர்த்த வேண்டும். இரண்டு பேரும் அவரவர் பங்கைச் சரியாகச் செய்தால்தான் பேச்சு மரியாதையாக முடிந்தது என்று அர்த்தம். புழுவுக்கே இப்படி என்றால் பெற்ற பிள்ளைக்கு எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

நிர்மலா இந்த மரியாதையில் ஊருக்கு ஒரு படி மேல். மகள் காவியா பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது, "எப்பிடியோ தப்பிச்சுப் பாஸாயிட்டா" என்றாள். நர்சிங் முடித்து வந்தபோது, "ஊசி குத்தக் கத்துக்கிட்டு வந்திருக்குது, யாரக் குத்தப் போவுதோ" என்றாள். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து ஊரே வாயைப் பிளந்தபோது, "இங்க எவனும் வேல குடுக்கல, அதான் அங்க போவுது" என்று சொல்லிவிட்டுத் தழை வெட்டப் போய்விட்டாள். பெருமை இல்லாமல் இல்லை. இருந்ததால்தான் இத்தனையும்.

காவியா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் விசாவும் போய்விடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தக் கடைசி மாதத்தில்தான் இந்தக் கடிதக் கூத்து நடந்தது.

தீபாவளி முடிந்த நாலாம் நாள். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. புழு வளர்ப்பவர்களுக்கு இந்தத் தூறலைப்போல எரிச்சல் வேறு கிடையாது. ஈரத் தழையைப் போட்டால் புழுவுக்கு நோய் வந்துவிடும். நிர்மலாவும் அவளோடு தழை வெட்ட வரும் பாஞ்சாலியும் கொட்டகையின் நடுவில் மல்பெரிக் கிளைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தார்கள். நிர்மலாவின் கணவர் முனிராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய வேட்டித் துணியால் இலைகளைத் துடைத்தார். இடுப்பு எலும்பு உடைந்து சேர்ந்தவர், அதிக நேரம் நிற்க ஆகாது.

நிர்மலாவின் தம்பி சந்திரமோகன் பைக்கை நிறுத்திவிட்டு நனைந்த தலையோடு உள்ளே வந்தான். அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறான். குடும்பத்தைத் தொடர்புகொள்ள என்று காவியா அயர்லாந்தில் கொடுத்திருந்தது அவனுடைய மெயில் முகவரியைத்தான்.

"அக்கா, கையத் தொடச்சுக்கிட்டு இங்க வா. பாப்பாவோட மேனேஜரம்மா மெயில் போட்டிருக்குது. பேரு ஃபியோனா. கலர் பிரிண்டு எடுத்தாந்திருக்கேன்."

படத்தில் காவியா பட்டுப் புடவை கட்டி, தலை நரைத்த நாலைந்து வெள்ளைக்காரக் கிழவிகளுக்கு நடுவில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். சந்திரமோகன் கடிதத்தைத் தமிழில் சொன்னான். இங்கே தீபாவளி கொண்டாடினோம். உங்கள் மகள் எங்களுக்குக் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அவளை நினைத்து நீங்கள் எவ்வளவு பெருமைப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நிர்மலாவின் முகம் சுண்டிவிட்டது.

"என்னாடா இது, இப்பிடி எழுதி வெச்சிருக்குது? கண்ணு பட்டுராதா?"

"அவங்க ஊர்ல கண்ணெல்லாம் படாதுக்கா. பதிலு போடணும். போடாட்டி மரியாத இல்ல."

"போடத்தான் வேணும். நம்ம புள்ளைய அவங்க ஒசத்தியாச் சொல்லுவாங்களாம், நாம கேட்டுக்கிட்டுக் கம்முனு இருப்பமாம். அம்மாக்காரிக்கே இவ்வளவு தலக்கனம்னா பொண்ணுக்கு எவ்வளவு இருக்கும்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

"அதானே" என்றாள் பாஞ்சாலி.

"சரி, என்னா எழுதறது சொல்லு" என்று சந்திரமோகன் பேனாவை எடுத்தான்.

நிர்மலா கிளையை உதறியபடியே சொன்னாள். ஏற்கனவே மனதில் அடுக்கி வைத்திருந்தவள் போல நிறுத்தாமல் வந்தது.

"எழுது. அம்மா, நீங்க பெரிய மனசு பண்ணி நல்லபடியா எழுதியிருக்கீங்க. ஆனா அது ஒண்ணும் தெரியாத புள்ளைங்க. வூட்ல ஒரு துரும்பக்கூட நவுத்தாது. வேலைக்கு வணங்க மாட்டா. ஏதோ உங்க புண்ணியத்துல அங்க ஒட்டிக்கிட்டுக் கெடக்குது."

"ம்."

"வாயி சாஸ்தி. வெடுக்குனு பேசிப்புடுவா. நீங்கதான் பொறுத்துக்கணும்."

"கோவத்தையும் எழுது மாப்ள" என்றார் முனிராஜ். "கோவம் வந்தா அவளுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. நாளைக்கி ஏதாச்சும் ஒண்ணுன்னா, மொதல்லயே சொல்லலியேன்னு நம்மள ஒரு வார்த்த கேட்டுறக் கூடாது."

"ஆமா, அதையும் எழுது. தப்புத் தண்டா பண்ணா உங்க புள்ளையா நெனச்சு அடிச்சுக் கண்டிச்சு வையுங்க. நாங்க ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

சந்திரமோகன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். பெண்ணை ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது தாய் சொல்கிற வார்த்தைகள்தான் இவை. அவனுடைய மாமியாரும் அவன் வீட்டு வாசலில் நின்று இதையேதான் சொன்னார். அவனுடைய அம்மா உடனே, "என்னாங்க நீங்க, தங்கமான புள்ளைய இப்பிடிச் சொல்றீங்க" என்றார். ஃபியோனாவும் அப்படித்தான் பதில் எழுதுவாள் என்பதில் அங்கே யாருக்கும் துளி சந்தேகமும் இல்லை.

"இங்கிலீஸு நல்லா இருக்கணும்டா. நம்ம பாப்பா மானம் போயிரப்போவுது" என்றாள் நிர்மலா.

"அத எங்கிட்ட உட்ருக்கா."

சந்திரமோகனின் ஆங்கிலத்துக்குள் ஒரு பழைய காயம் உண்டு. பி.காம் முடித்த புதிதில் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு மெயிலில் விண்ணப்பம் போட்டான். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடித்திருந்தான். நேர்காணலில் அதை ஒருவன் உரக்கப் படிக்க மற்ற இருவரும் சிரித்தார்கள். வேலை கிடைக்காததைவிட அந்தச் சிரிப்புதான் அவனை அறுத்தது. அன்றிலிருந்து வெள்ளைக்காரர்கள் நிஜமாக எப்படி மெயில் எழுதுகிறார்கள் என்று தேடித் தேடிச் சேர்த்தான். பணிவாக மறுக்க எப்படி, நினைவூட்ட எப்படி, குறை சொல்ல எப்படி என்று தனித்தனியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். போதாததற்கு இப்போது போனிலேயே, எழுதியதை இன்னும் இயல்பாக மாற்றித் தருகிற வசதியும் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் சென்டரில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தான். 'லேசி கேர்ள்' என்று முதலில் எழுதியதைப் படிக்காதவன் இங்கிலீஷ் என்று அடித்தான். குறைகளைச் சொல்கிற இடத்துக்கு நோட்டில் அருமையான தொடர் ஒன்று இருந்தது, 'ஐ வுட் லைக் டு ப்ரிங் டு யுவர் அட்டென்ஷன்'. அதைப் போட்டான். அடிச்சுக் கண்டிச்சு வையுங்கள் என்பதை எழுதத்தான் சிரமப்பட்டான். 'அடி' என்ற வார்த்தை நாகரிகமாக இல்லை. கடைசியில் அதற்கும் ஒன்று அகப்பட்டது. முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது, இதை எழுதியது ஓர் இந்தியன் என்று எவனாலும் சொல்ல முடியாது என்று அவனுக்கே தோன்றியது. அனுப்பிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தான்.

"அடிச்சாலும் கேக்க மாட்டோம்னத எழுதுனியா?" என்று முனிராஜ் பின்னாலிருந்து கேட்டார்.

"எழுதிட்டேன் மாமா. டீசண்டா எழுதிட்டேன்."

ஃபியோனாவிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. "அந்தம்மாவுக்கு வேல இருக்கும்" என்றான் சந்திரமோகன். நிர்மலாவுக்கும் நினைக்க நேரமில்லை. புழு நாலாவது தோலை உரித்துவிட்டுத் தின்னத் தொடங்கிவிட்டது. வாழ்நாளில் தின்பதில் முக்கால்வாசியை இந்தக் கடைசி எட்டு நாளில்தான் அது தின்னும். காலையில் ஒரு வண்டித் தழை, மத்தியானம் ஒரு வண்டி, பொழுது சாய ஒரு வண்டி. களியைக் கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி, நின்றபடி நாலு கவளம் விழுங்கிவிட்டு ஓட வேண்டும்.

அப்படி நின்று தின்றுகொண்டிருந்தபோதுதான் காவியாவின் போன் வந்தது. மணி இரண்டு. அவளுக்கு அங்கே காலை. அந்நேரத்துக்கு அவள் பேச மாட்டாள்.

"அம்மா, யாரும்மா உன்ன லெட்டரு எழுதச் சொன்னது?"

"என்னாடி?"

"ஃபியோனாவுக்கு என்னா எழுதுனீங்க?"

"நல்லபடியாத்தான எழுதுனோம். ஏன்டி, மாமா இங்கிலீஸு தப்பா எழுதிட்டானா?"

"தப்பா எழுதியிருந்தாத் தேவலியே!" காவியா அழுகிறாள் என்பது அப்போதுதான் நிர்மலாவுக்குத் தெரிந்தது. "நேத்து ரூம்ல கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. ஃபியோனா, கூட இன்னொருத்தர். டேபிள் மேல உன் லெட்டரு. வயசானவங்கள யாரையாச்சும் திட்டுனியா, கைய வெச்சியான்னு கேக்கறாங்கம்மா. எங்கிட்டக் கேக்கறாங்க! உனக்குக் கோவம் வந்தா கட்டுப்படுத்த முடியாதாமே, உங்கம்மாவே எழுதியிருக்காங்களேன்னு."

நிர்மலாவின் கையில் களி காய்ந்துகொண்டிருந்தது.

"அது மரியாதைக்குச் சொன்னதுடி."

"அவங்களுக்கு அது தெரியாதும்மா. நான் சொல்லிட்டேன், எங்க ஊர்ல அப்பிடித்தான் பேசுவாங்கன்னு. புரியுதுங்கறாங்க. ஆனா எழுத்துல வந்துருச்சு, ஃபைல்ல இருக்குது, அத அப்பிடியே உட முடியாதாம். வயசானவங்க இருக்கற எடமில்லியா. இப்ப என்னைய யாருகிட்டயும் போவக் கூடாதுன்னு துணி தொவைக்கற ரூம்ல போட்டுட்டாங்க. வர்ற வியாழக்கெழம மீட்டிங்கு. அதுல முடிவு பண்ணுவாங்க."

"என்னா முடிவு?"

"இருக்கறதா, போறதான்னு."

நிர்மலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தம்மா புகழ்ந்தாள், நாம் தாழ்த்தினோம். திரும்ப அவள் புகழ வேண்டியதுதானே? அதை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிப்பது எந்த ஊர் நியாயம்? எச்சில் கையோடு கொட்டகைக்குள் போய் முனிராஜிடம் சொன்னாள். அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் சொன்னாள்.

"நான்தான் கோவத்த எழுதச் சொன்னேன்" என்றார் முனிராஜ்.

புழுவைப் பாஞ்சாலியிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். சென்டரில் ஒருவர் பட்டா நகலுக்குக் காத்திருந்தார். அவரை அனுப்பிவிட்டுச் சந்திரமோகன் பாதிக் கதவை இழுத்துவிட்டான். அவனுக்கும் காவியா பேசியிருந்தாள். முகம் பேயறைந்ததுபோல இருந்தது.

"ஒரு எழுத்துக் கூடத் தப்பில்லக்கா. நீ சொன்னதத்தான் எழுதுனேன்."

"அத எங்களுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டு."

"நீ சொன்னதுதான்..."

"நான் சொன்னதா இருந்தா நான் கேக்கறனே. என்னாடா இருக்குது?"

சந்திரமோகன் தன் கடிதத்தைப் போனில் கொடுத்துத் தமிழாக்கினான். போன் தன் இரும்புக் குரலில் படித்தது.

'தங்கள் அன்பான மடலுக்கு நன்றி. எனினும் என் மகளைப் பற்றிய சில விஷயங்களைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். வேலை செய்வதில் அவளுக்கு ஆர்வம் குறைவு என்பதை வீட்டில் நாங்கள் நீண்ட காலமாகக் கவனித்துள்ளோம். பேச்சில் அவள் கடுமையானவள். கோபம் வரும்போது தன் கட்டுப்பாட்டை இழக்கக்கூடியவள் என்பதைத் தெரிவிப்பது எங்கள் கடமை. தாங்கள் உகந்ததாகக் கருதும் எந்த நடவடிக்கையையும் எடுக்கத் தயங்க வேண்டாம். எங்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை.'

முதலில் பேசியது முனிராஜ்.

"இது போலீஸ்ல குடுக்கற மனுவாட்டம் இருக்குது மாப்ள."

"நான் இப்பிடியா சொன்னேன்?" என்றாள் நிர்மலா. "ஏன்டா, நான் இப்பிடியா சொன்னேன்?"

"நீ சொன்னதுதான்க்கா. நான் நல்லா... நேச்சுரலா..." சந்திரமோகன் நிறுத்திக்கொண்டான். அவனுக்கே அப்போதுதான் விளங்கியது. முன்போல 'ரெஸ்பெக்டட் மேடம், மை டாட்டர் ஈஸ் லேசி கேர்ள், யூ பீட் ஹெர், நோ ப்ராப்ளம்' என்று எழுதியிருந்தால் அந்தம்மா சிரித்திருப்பாள். இது வேறு ஊர்க்காரர்களின் பேச்சு, இதற்கு வேறு ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். எழுதியது அவர்கள் வீட்டு ஆங்கிலம். அவர்கள் வீட்டுக் கடிதம்போலவே படித்துவிட்டார்கள். பத்து வருடமாகச் சேர்த்த நோட்டைக் கிழித்துப் போட வேண்டும்போல அவனுக்கு இருந்தது.

"ஃபியோனா எனக்கும் மெயில் போட்டிருக்குதுக்கா. இன்னொரு லெட்டரு கேக்கறாங்க. ஒடம்புக்கு முடியாதவங்ககிட்ட உங்க பொண்ணு எப்பிடி நடந்துக்குவா, அத பெத்தவங்களே சொந்த வார்த்தையில எழுதட்டுங்கறாங்க. புதங்கெழமைக்குள்ள."

"அதெல்லாம் பொய்யின்னு எழுதிரு."

"பொய்யின்னு எழுதுனா, ஏன் பொய் சொன்னேன்னு கேப்பாங்க."

"அப்ப எங்க வழக்கம்னு எழுது."

"அத பாப்பாவே சொல்லிருச்சு. அவங்க கேக்கறது அதில்லக்கா. அவ நல்லவன்னு நீ சொல்லணும்."

நிர்மலா முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"நல்ல... நல்ல புள்ளதான். ஆனா என்னா, கொஞ்சம்..."

"ஆனா போடாதக்கா!"

"வரலியேடா. வாயில வர மாட்டேங்குது. பெத்தவ தன் வாயால எப்பிடிச் சொல்றது? கூச்சமா இருக்குது."

"நான் சொல்றேன், நீ ஆமாங்கறியா? ஹார்ட் வொர்க்கிங், சின்சியர், டெடிகேட்டட்..."

"அதெல்லாம் யாரு பொண்ணுக்கும் எழுதலாம். இவளுக்கு எழுது."

"அதுக்குத்தான இவளப் பத்திச் சொல்லுங்கறேன்."

இப்படியே சுற்றிச் சுற்றி வந்தார்கள். புழுவுக்குப் பொழுதாகிவிட்டது என்று எழுந்தபோது ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

புதன்கிழமை காலை சந்திரமோகனே இண்டூருக்கு வந்துவிட்டான். வானம் வெளுத்திருந்தது. புழு பழுத்து மஞ்சளோடி, தலையைத் தூக்கிக் கூடு கட்ட இடம் தேடியது. நிர்மலாவும் முனிராஜும் அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி வலையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் பிந்தினாலும் நூல் வீணாகிவிடும். அதனால் யாரும் நிமிரவில்லை.

"இன்னிக்கி அனுப்பியாவணும்" என்றான் சந்திரமோகன்.

முனிராஜ் புழுவைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் புளி உலுக்கப் போயி மரத்துலருந்து வுழுந்தேன்னு எழுது மாப்ள."

சந்திரமோகன் நோட்டை எடுத்தான். நாலு வருடமாக அந்த எட்டு மாதத்தைப் பற்றி மாமா வாயைத் திறந்ததே இல்லை.

"இடுப்பு ஒடஞ்சு எட்டு மாசம் படுக்கையில கெடந்தேன். எல்லாம் படுக்கையிலதான். பாப்பாவுக்கு அப்ப இருவது வயசு, காலேஜி போயிட்டிருந்தா. எனக்குக் கழுவி உடறது அவதான். பொம்பளப் புள்ள கையால ஆவாதுன்னு நான் மூணு நாளு சுவத்தப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். நாலா நாளு வந்து என்னா பண்ணா தெரியுமா? ஒரு துண்ட எடுத்து என் மொகத்து மேல போட்டா. 'அப்பா, நீங்க இங்க இல்ல, நான் மட்டுந்தான் இருக்கேன்'னா. எட்டு மாசமும் அந்தத் துண்டப் போட்டுட்டுத்தான் கழுவி உட்டா."

அவர் கையில் இருந்த புழுவை வலையில் விட்டார்.

"அந்தக் கோவத்தையும் சொல்லுங்க" என்றாள் நிர்மலா. அவளும் நிமிரவில்லை.

"எனக்குத்தான் கோவம். ஒரு நாளு களி வட்டல எடுத்து அவ மேல வீசிட்டேன். நெத்தியில பட்டு ரத்தம் வந்துருச்சு. அவ ஒரு வார்த்த சொல்லல. கீழ செதறுனத அள்ளிப் போட்டுட்டு, வேற களி கிண்டிக் கொண்டாந்து ஊட்டி உட்டா. அந்தத் தழும்பு இன்னிக்கும் இருக்குது. அந்தம்மாவப் பாக்கச் சொல்லு, எடது புருவத்துக்கு மேல."

"காலேஜி போறதுக்கு முந்தி, வந்ததுக்குப் பொறவு, பொரட்டிப் பொரட்டிப் போடுவா" என்றாள் நிர்மலா. இப்போது அவளுக்கும் வந்துவிட்டது. "பகல்ல எப்பிடிப் பொரட்டணும்னு எனக்குக் கத்துக் குடுத்துட்டுப் போவா. எட்டு மாசத்துல ஒரு புண்ணு வரல. தருமபுரி டாக்டரு முதுகப் பாத்துட்டு, யாருங்க இவரப் பாத்துக்கிட்டதுன்னு கேட்டாரு. அவ பக்கத்துலதான் நின்னா."

"நீ என்னா சொன்ன?" என்று சந்திரமோகன் கேட்டான்.

நிர்மலாவின் கை நின்றது.

"இவ ஒழுங்காப் பாத்திருந்தா ஆறு மாசத்துலயே எந்திரிச்சிருப்பாருன்னு சொன்னேன்."

அதையும் எழுதுவதா வேண்டாமா என்று சந்திரமோகனுக்குத் தெரியவில்லை. "அதையும் எழுது" என்றாள் நிர்மலா. சொல்லிவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அங்கேயே தழைக் கட்டின் மேல் உட்கார்ந்து போனில் எழுதினான். நோட்டில் தேடிப் பார்க்கவில்லை. தேடினாலும் தகப்பன் முகத்தில் துண்டு போடுவதற்கு அதில் தொடர் எதுவும் இருந்திருக்காது. நான் விழுந்தேன், அவள் கழுவினாள், நான் வட்டலை வீசினேன், அவள் திருப்பிப் பேசவில்லை என்று சின்னச் சின்ன வாக்கியமாக, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினான். இன்னும் இயல்பாக மாற்றட்டுமா என்று போன் கேட்டது. வேண்டாம் என்று தள்ளிவிட்டு அனுப்பினான்.

வியாழன் முழுக்கப் போன் வரவில்லை. நிர்மலா சோறு இறங்காமல் கிடந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் காவியா கூப்பிட்டாள். புழு கூடு கட்டிய வலைகளைப் பாஞ்சாலியும் நிர்மலாவும் காற்றாட நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, திங்கக்கெழமயிலிருந்து பழைய வேலைக்கே வரச் சொல்லிட்டாங்க. வேல பர்மனெண்டுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

நிர்மலா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பாஞ்சாலி பயந்துபோய், "என்னாக்கா, என்னா சொல்லுது பாப்பா?" என்று ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்லடி. அந்த ஒண்ணும் தெரியாத கழுத, எப்பிடியோ அங்கயே ஒட்டிக்கிச்சு" என்றாள் நிர்மலா. கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் அதன் பழக்கத்தில் பேசியது.

"அம்மா, லைன்லதான் இருக்கேன்" என்றாள் காவியா.

நிர்மலாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து மல்பெரிக் காட்டுப் பக்கம் தள்ளிப் போனாள்.

"ஃபியோனா அந்த லெட்டர எனக்குப் படிக்கக் குடுத்தாங்கம்மா. மூணு வாட்டி படிச்சேன். டாக்டருகிட்ட நீ சொன்னதக்கூட எழுதியிருக்க."

"ம்."

"அது நெசமா எழுதுனதா? இல்ல, வேல போயிரும்னு எழுதுனதா?"

"நெசம்டி. ஒவ்வொரு எழுத்தும் நெசம். மொதல்ல எழுதுனதுதான் பொய்யி. அது சும்மா, வெளியாளுங்ககிட்ட மரியாதைக்குச் சொல்றது. உனுக்குத் தெரியாதா?"

அங்கே ஏதோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாதும்மா. மொத லெட்டரப் படிச்சப்ப எனக்குக் கோவந்தான் வந்துச்சு, ஆச்சரியமா இல்ல. நான் அப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஊராருகிட்ட, டாக்டருகிட்ட, பாஞ்சாலிக்காகிட்ட மரியாதைக்குச் சொன்ன, சரி. வூட்டுக்குள்ள யாருமே இல்லாதப்பவும் எங்கிட்ட அதயேதான சொன்ன? பெத்த புள்ளகிட்ட உனக்கு என்னாம்மா மரியாத?"

நிர்மலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள். மறுமுனையில் காவியா போனை வைக்காமல் காத்திருந்தாள்.